கடைசிச் சொல் கேட்கவில்லை: அம்பத்தூர் ஆபரேட்டர் ஒருவரின் மேடைப் பேச்சு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குவாலிட்டி சர்க்கிள் குழு ஒன்றின் முதன்மைப் பேச்சாளர், ஐந்து வாரத்தில் மேடைப் பேச்சை எப்படி மாற்றிக்கொண்டார் என்பதைப் பதிவு செய்கிறேன். பெயர்கள் எதையும் சொல்லவில்லை. எழுதுவதற்கு அவர் சம்மதம் வாங்கினேன், எழுதி முடித்ததும் அவர் படித்தும் பார்த்தார்.

குவாலிட்டி சர்க்கிள் 1962-ல் ஜப்பானில் கவோரு இஷிகாவா முன்னின்று தொடங்கிய முறை. 1980-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஒரே இடத்தில் வேலை செய்கிற ஐந்தாறு பேர், தங்கள் வேலையில் வரும் சிக்கல் ஒன்றைத் தாங்களே எடுத்து, மீன்முள் வரைபடமும் (காரணங்களைக் கிளை கிளையாகக் காட்டுவது) பரேட்டோ படமும் (எது அதிகம் என்று வரிசைப்படுத்திக் காட்டுவது) போட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பார்கள். தீர்த்ததை மேடையேறிச் சொல்வதும் இந்த முறையில் ஒரு பகுதி. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆபரேட்டர்களே தமிழில் சொல்கிறார்கள். பல பேருக்கு வாழ்க்கையில் மைக் பிடிப்பதே அன்றைக்குத்தான்.

நம் பேச்சாளருக்கு 36 வயது. ஐடிஐ ஃபிட்டர் படித்தவர், டிரில்லிங் லைனில் 14 வருட அனுபவம். தினமும் திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கம் வந்து இறங்குவார். அவர் குழு எடுத்துக்கொண்ட சிக்கல், ஷாஃப்ட்டில் குறுக்காகப் போடும் எண்ணெய்த் துளையின் விளிம்பில் பிசிறு, அதாவது கூரான உலோக ஓரம், நின்றுவிடுவது. டிரில் மாற்றும்போது கை பட்டு கூலன்ட் நாசில் (டிரில் சூடாகாமல் இருக்கத் திரவம் பீய்ச்சும் குழாய் முனை) கொஞ்சம் திரும்பிவிடுகிறது, முனைக்குக் கூலன்ட் சரியாகப் போய்ச் சேராமல் டிரில் சீக்கிரம் மழுங்குகிறது, மழுங்கிய டிரில் பிசிறு தள்ளுகிறது என்று கண்டுபிடித்தவர் இவர்தான். நாசில் அசையாமல் இருக்க ஒரு பிராக்கெட்டும், சரியான இடத்தைக் காட்ட ஒரு கோடும் போட்டார்கள். வேலை அருமையான வேலை.

முதல் சுற்று

ஜனவரியில் நிறுவனத்துக்குள்ளேயே தேர்வுச் சுற்று நடந்தது. பயிற்சி ஹாலில் எழுபது பேர். நடுவர்கள் மூன்று பேரில் இருவர் வெளியிலிருந்து வந்தவர்கள். பேச 12 நிமிடம்.

அவருக்குப் பிரிவின் இன்ஜினியர் ஐந்து பக்க உரை எழுதிக் கொடுத்திருந்தார். "மேற்கண்ட பிரச்சினையின் மூலகாரணத்தைக் கண்டறியும் பொருட்டு எங்கள் குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றிணைந்து ஆய்வு மேற்கொண்டதில் கூலன்ட் நாசிலின் திசை மாறுவதே காரணம் எனக் கண்டறியப்பட்டது." முழு உரையும் இந்த நடைதான். இரண்டு வாரம் ரயிலில் வரும்போதும் போகும்போதும் மனப்பாடம் செய்திருந்தார்.

மேடையில் அதை ஒப்பித்தார். கண் திரையின் மேல் மூலையில், இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையில் மைக். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் விட்டுப்போனது. நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி, அந்தப் பக்கத்தின் முதல் வரிக்கே திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்தார். அப்படியும் 12 நிமிட உரை எட்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நடுவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி இது (ரிஜெக்‌ஷன் என்றால் தேறாமல் ஒதுக்கப்படும் ஷாஃப்ட்டுகள்): "தம்பி, நாசிலை ஃபிக்ஸ் பண்ண பிறகு ரிஜெக்‌ஷன் குறைஞ்சுதா, குறையலையா?"

அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவரோ பதறவில்லை. மைக்கை மேசையில் வைத்தார், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். "குறைஞ்சிருச்சு சார். இதுதான் டிரில்லுன்னு வெச்சுக்கோங்க. என் கட்டை விரல் நாசில். இப்போ பாருங்க, டிரில் மாத்தும்போது கை இப்படிப் படும்..." நடுவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஒன்றரை நிமிடம் ஹாலில் யாரும் அசையவில்லை.

செய்த வேலை நன்றாக இருந்ததால் குழு தேர்வானது. அடுத்தது, பல நிறுவனங்கள் கலந்துகொள்ளும் போட்டி, ஐந்து வாரத்தில். அவரைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

பதிவில் பார்த்தது

செல்போனில் எடுத்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன்: முதலில் படத்தை மறைத்துக் குரல் மட்டும், அப்புறம் சத்தத்தை நிறுத்திப் படம் மட்டும், கடைசியாக இரண்டும் சேர்த்து. தனித்தனியாகப் பார்த்தால்தான் எந்தக் குறை எங்கே இருக்கிறது என்று தெரியும். சேர்த்தே பார்த்தால் "பயந்துவிட்டார்" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

படத்தில் தெரிந்தவை எதிர்பார்த்தவைதான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. திரையைக் காட்டத் திரும்பும்போது வாயிலிருந்து மைக் விலகியது. எட்டரை நிமிடத்தில் ஒருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

குரலை மட்டும் கேட்டபோது தெரிந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பேசிய 34 வாக்கியங்களில் 15-ன் கடைசிச் சொல் எனக்குக் கேட்கவில்லை. கடைசி வரிசையில் வைத்த செல்போன் பதிவு அது. உரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட எனக்கே இந்த நிலை.

இது தமிழில் பேசுகிற யாருக்கும் முக்கியம் என்று நினைப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, நேற்றா நாளையா, யார் செய்தது என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லிலும் அதன் விகுதியிலும்தான் இருக்கிறது. "நாசிலைப் பொருத்திய பிறகு ரிஜெக்‌ஷன் குறை..." என்பது வரை கேட்டவருக்கு அது குறைந்ததா, குறையவில்லையா, இனிமேல்தான் குறையுமா என்று தெரியாது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், முடிவை விழுங்கினாலும் சேதி பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். தமிழில் முடிவை விழுங்கினால் சேதியே போய்விடும். நடுவர் அந்தக் கேள்வியைக் கேட்டது கவனக்குறைவால் இல்லை. அவர் காதுக்கு 'குறைந்தது' வந்து சேரவே இல்லை.

ஏன் விழுங்கினார்? மூச்சு. குரலின் உரத்தைத் தாங்குவது நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம். மேலே கொடுத்த வாக்கியத்தில் 19 சொல் இருக்கிறது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். அந்த அரை மூச்சில் 19 சொல்லைத் தள்ளினால் 'கண்டறியப்பட்டது' வரும்போது காற்றே இருக்காது. மனப்பாடம் செய்தவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவும் பயப்படுவார், நிறுத்தினால் அடுத்த சொல் மறந்துபோகும் என்று.

கேள்விக்குப் பதில் சொன்ன அந்த ஒன்றரை நிமிடத்தில் இதில் ஒரு குறைகூட இல்லை. வாக்கியங்கள் சின்னவை. கடைசிச் சொல் தெளிவு. முகம் பார்த்தார், கால் ஆடவில்லை. 'வந்து', 'அதாவது' மட்டும் அங்கங்கே வந்தன, அது ஒரு பொருட்டில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் 14 வருடம் பேசிய மனிதர் அவர். லைனில் ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, கையால் காட்டி, சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மேடைக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தது. எழுதிக் கொடுத்த உரை அதை மூடிவிட்டது.

இந்தக் கட்டத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வீடியோவைக் குழுவில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டிவிட்டேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு நாள், ஷிப்டு முடிந்ததும் பயிற்சிக்கு வராமல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் நானே லைனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம். நான் மெஷின்கிட்ட நல்லாத்தான் பேசுவேன். மைக்கைப் பிடிச்சா வேற ஆளா ஆயிடுறேன்" என்றார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவு, உரையைத் தூக்கிப் போடுவது. இதற்கு இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. "மேடைன்னா மேடைத் தமிழ் வேணும். லைன்ல பேசுற மாதிரி பேசினா நடுவருக்கு மரியாதையா இருக்காது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நம் ஊரில் மேடைக்கு என்று ஒரு தமிழ் இருக்கிறது, சபையும் அதை எதிர்பார்க்கிறது. பேசிப் பேசி ஓர் இடத்துக்கு வந்தோம். வணக்கமும் அறிமுகமும் நன்றியும் எழுத்துத் தமிழில் இருக்கும், அவற்றை மனப்பாடம் செய்யலாம். நடுவில் வருவதெல்லாம் அவர் பேச்சு. 'கண்டறியப்பட்டது' போய் 'கண்டுபிடிச்சோம்' வரும். மரியாதை 'பாருங்க', 'சொல்றேங்க' என்பதில் இருக்கும்.

நடுப்பகுதிக்கு வரி எதுவும் எழுதவில்லை. ஆறு நிறுத்தம் மட்டும் குறித்தோம்: பிசிறு, எண்ணிக்கை, சந்தேகங்கள், நாசில், பிராக்கெட், மறு எண்ணிக்கை. "ரயில் மாதிரி மேடம். ஆவடிக்கு அப்புறம் அண்ணனூர்னு தெரிஞ்சா போதும், நடுவுல என்ன பேசிட்டு வரேங்கிறதை யாரு மனப்பாடம் பண்றா" என்று அவரே சொன்னார். ஒரு சொல் மறந்தாலும் அடுத்த நிறுத்தம் தெரியும் என்பதால், நிறுத்தி மூச்சு வாங்கும் பயம் போய்விட்டது.

இரண்டாவது, கடைசிச் சொல். முதல் வாரம் முழுக்க இதற்கே போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரும் வினைகளை மட்டும் சொல்லச் சொன்னேன்: நின்னுது. எண்ணினோம். சந்தேகப்பட்டோம். திரும்பியிருந்துது. மாட்டினோம். குறைஞ்சுது. அப்புறம் பின்னாலிருந்து வாக்கியத்தைக் கட்டினோம்: குறைஞ்சுது, பிசிறு குறைஞ்சுது, பிராக்கெட் மாட்டின பிறகு பிசிறு குறைஞ்சுது. பயிற்சி நடந்த இடம் கேன்டீன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், பாத்திரம் கழுவும் சத்தம் வரும். குழுவில் ஒருவர் கடைசி மேசையில் உட்கார்ந்து, வினை காதில் விழுந்தால் மட்டும் கை தூக்குவார். கை வராவிட்டால் அந்த வாக்கியம் மறுபடியும். கத்தக் கூடாது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு, முடித்த பிறகுதான் அடுத்த மூச்சு. மூச்சு போதவில்லை என்றால் வாக்கியம் நீளம் என்று அர்த்தம், அதை இரண்டாக உடைத்துவிடுவோம்.

வேகத்தைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'மெதுவா பேசுங்க' என்று சொன்னால் பயந்தவர் சொற்களை இழுப்பார், அது கேட்பவருக்கு இன்னும் கஷ்டம். வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று மூச்சு வாங்கியதில் வேகம் தானாகவே இறங்கியது.

மூன்றாவது, கண். 'எல்லோரையும் பாருங்கள்' என்று சொன்னால் ஒருவரையும் பார்க்க முடியாது. ஒரு வாக்கியம் ஒரு முகத்துக்கு, வினை சொல்லி முடித்த பிறகு அடுத்த முகத்துக்கு என்று வைத்தோம். இடம், நடு, வலம் என்று மூன்று பேரை உட்கார வைத்துப் பழகினார். திரையில் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் வாய் மூடிக் காட்டு, திரும்பு, அப்புறம் பேசு. மைக் எப்போதும் மோவாயிலிருந்து நாலு விரல் தள்ளி.

கைக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒரு ஷாஃப்ட்டைக் கொடுத்தேன். துளையின் விளிம்பில் பிசிறோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. பொருள் கையில் இருந்தால் கைக்கு வேலை இருக்கிறது, அது முதுகுக்குப் பின்னால் போகாது.

பயத்துக்கு, ஒரு பழைய ஆய்வு உதவியது. 2003-ல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்தது. பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறார், கேட்பவருக்கு அவ்வளவு தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லி மேடை ஏற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நான் இதை அவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. "என் கை நடுங்கினது கடைசி வரிசைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். அதே வீடியோவை, இந்த முறை நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து, கையை மட்டும் கவனித்துப் பார்த்தோம். நடுக்கம் எங்கேயும் தெரியவில்லை. இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, மேடையைப் பற்றிப் பேசும்போது சிரித்தார்.

வேண்டாம் என்று விட்டவை

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டும் ஒரு கணக்கு உண்டு: ஒருவர் சொல்வதில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டும் முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு இருப்பது விருப்பா வெறுப்பா என்று கேட்டார்கள். தொழில்நுட்ப விளக்கம் ஒன்றுக்கு அது பொருந்தாது. எங்கள் ஆளுக்குச் சொல்தான் கேட்கவில்லை, அவரிடம் போய் சொல்லுக்கு 7 சதவீதம் என்று சொல்வது அநியாயம்.

மேடைக்கு முன்னால் கை கால் அகட்டி நின்றால் தைரியம் வரும் என்பதையும் விட்டோம். அப்படிச் சொன்ன 2010 ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி என்பவரே 2016-ல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று எழுதிவிட்டார். கண்ணாடி முன் பழகுவதும் வேண்டாம் என்றேன், தன்னைத்தானே பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு ஏற்கனவே இருந்த தொல்லை.

மூன்றாம் வாரச் சறுக்கல்

கடைசிச் சொல்லை அவ்வளவு அழுத்திப் பழகியதில் இன்னொரு கோளாறு வந்தது. எல்லா வினையும் ஒரே உயரத்தில், ஒரே பலத்தில் விழுந்தது. எண்ணினோம்! மாட்டினோம்! குறைஞ்சுது! ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. முக்கியமான சொல் எது, சும்மா கடந்துபோகிற சொல் எது என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. காரணம் என் பயிற்சிதான். சேதி ஏற்கனவே தெரிந்த ஆட்களை எதிரே வைத்து, கேட்டதா கேட்கவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புரிய வைக்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

அந்த வாரம் சேர்ந்திருந்த அப்ரன்டிஸ் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து, "இவங்களுக்கு நாசில் கதையைச் சொல்லுங்க" என்றேன். ஒரு பையன் நடுவில் புகுந்து, "அண்ணே, பிசிறை அரத்தால தேய்ச்சு எடுத்தா போதாதா?" என்று கேட்டான். இவர் குரல் அங்கேயே மாறிவிட்டது. "தேய்க்கலாம்டா. ஒரு நாளைக்கு எத்தனை தேய்ப்ப? துளைக்குள்ள விழுந்த துகளை யார் எடுக்கிறது?" ஏற்றம் இறக்கம் எல்லாம் தானாக வந்தன. அந்தக் கேள்வியையே உரைக்குள் வைத்துக்கொண்டோம்: மேடையில் அவரே கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, அவரே பதில் சொல்வார்.

இரண்டாம் மேடை

பிப்ரவரி கடைசியில் கிண்டியில் ஒரு அரங்கம். அவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முறை வந்தது. காலையிலேயே மேடையில் ஏறி நின்று பார்த்தார், மைக்கை ஒரு முறை பிடித்துப் பார்த்தார். வாய் உலர்ந்தால் நனைத்துக்கொள்ள ஒரு பாட்டில் தண்ணீரை மேசையில் வைத்தோம்.

ஆரம்ப இரண்டு வாக்கியம் வேகமாகப் போனது. மூன்றாவதில் மூச்சு நிதானத்துக்கு வந்தது, அதற்குப் பிறகு அவர் பேச்சு அவர் கைக்கு வந்துவிட்டது. பிசிறு உள்ள ஷாஃப்ட்டை எடுத்துக் காட்டி, "இந்த விளிம்புல விரலை வெச்சா கீறும்" என்றார். முன் வரிசையில் ஒருவர் கை நீட்டினார், நேரம் போகுமே என்று பார்க்காமல் இவர் இறங்கிப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். அதனால் எச்சரிக்கை மணி அடிக்கும்போது நான்காம் நிறுத்தத்தில்தான் இருந்தார். பிராக்கெட்டை இரண்டு வாக்கியத்தில் முடித்து நேராக மறு எண்ணிக்கைக்குப் போனார். பழைய உரையாக இருந்தால் அங்கேயே சிக்கி நின்றிருப்பார்.

பதிவை அதே முறையில் கேட்டேன். 61 வாக்கியங்கள். முடிவு கேட்காதவை நாலு, அதில் மூன்று முதல் நிமிடத்துக்குள். கண்ணில் இன்னும் குறை உண்டு: இடது பக்கத்தை அவர் அநேகமாகப் பார்க்கவே இல்லை. கேள்வி நேரத்தில் கால் ஆட்டம் திரும்ப வந்தது.

குழுவுக்கு இரண்டாம் நிலைப் பரிசு கிடைத்தது. முதல் நிலை கிடைக்காததற்கு நடுவர்கள் சொன்ன காரணம், மறு எண்ணிக்கையை ஒரு ஷிப்டில் மட்டும் எடுத்திருந்தோம் என்பது. அது சரியான விமர்சனம், பேச்சால் அதை மூட முடியாது, மூடவும் கூடாது. இந்த முறை 'குறைந்ததா இல்லையா' என்று யாரும் கேட்கவில்லை. "ராத்திரி ஷிப்டுலயும் இதே அளவு குறைஞ்சுதா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. "எடுக்கல சார். எடுக்கணும்" என்றார் அவர், கடைசிச் சொல் தெளிவாக.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

வீடியோவை முதல் தடவை பேசியவரோடு தனியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அவர் மனக்கஷ்டமும் தேவையே இல்லாமல் வந்தவை.

இன்ஜினியரை ஆரம்பத்திலேயே கூட வைத்திருக்க வேண்டும். அவர் எழுதியதைத் தள்ளிவிட்டு அப்புறம் சமாதானம் பேசினோம், அது அவருக்கு வருத்தம்தான். ஆறு நிறுத்தங்களையும் கடைசியில் ஒழுங்கு செய்து கொடுத்தவர் அவர்தான்.

வினைப் பயிற்சி வேண்டும், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டும். முதலில் விஷயம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் மூன்றாம் வாரச் சறுக்கல் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த குழு இந்த மாதம் தொடங்குகிறது. ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும்) பிரிவு, பேசப்போகிறவர் ஒரு பெண், இதுவரை மேடை ஏறாதவர். உரை இன்னும் யாரும் எழுதவில்லை. முதல் நாள் பயிற்சி ஃபர்னஸ் பக்கத்தில், இரண்டு அப்ரன்டிஸ்களோடு. கேட்கிறதா என்று கை தூக்கக் கடைசியில் உட்காரப்போகிறவர் நம் டிரில்லிங் ஆபரேட்டர், அவராகவே வருகிறேன் என்றார்.